அறுவடைக்குச் சமக்கூலி, வருடத்துக்கு அரைகுறைக் கூலி: கருப்புச் சாவுக்குப் பிந்தைய இங்கிலாந்தில் பெண்களின் வயல்வேலை

கேள்வி இது: "1348இல் வந்த கருப்புச் சாவுக்குப் பிறகு இங்கிலாந்துக் கிராமங்களில் ஆள் பஞ்சம் வந்து, வயல்வேலைக்குப் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான கூலி கிடைத்ததாம். உழைக்கும் பெண்களுக்கு அது பொற்காலம் என்று படித்தேன். உண்மையா?"

அறுவடை நடக்கும் சில வாரங்களுக்கு ஓரளவு உண்மை. மீதி வருடத்துக்கு இல்லை. இந்த விஷயத்தில் பலரும் சறுக்குவது நாள்கூலியை மட்டும் பார்ப்பதால்தான். ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்கினாள் என்பதோடு, வருடத்தில் எத்தனை நாள் வாங்கினாள், நாள் கணக்கா வருடக் கணக்கா எந்த மாதிரி ஒப்பந்தத்தில் வாங்கினாள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் படம் வேறு மாதிரி வருகிறது.

முதலில் பின்னணி. கருப்புச் சாவு என்று பெயர் பெற்ற பிளேக் நோய் 1348 கோடையில் தெற்குக் கடற்கரைத் துறைமுகங்கள் வழியாக நுழைந்தது. அடுத்த வருடம் முடிவதற்குள் நாடு முழுக்கப் பரவி, மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கொண்டுபோய்விட்டது. கதிர் முற்றி நிற்கிறது, அறுக்க ஆள் இல்லை. பிழைத்தவர்கள் கேட்டதுதான் கூலி என்ற நிலை. நோய் இன்னும் ஓயாத 1349 ஜூன் மாதத்திலேயே மூன்றாம் எட்வர்டின் அரசு ஓர் ஆணை போட்டது. சொந்த நிலமோ வியாபாரமோ கைத்தொழிலோ இல்லாத, உடம்பில் தெம்புள்ள, 60 வயதுக்கு உட்பட்ட எல்லாரும், கூப்பிடுகிறவரிடம் வேலைக்குப் போயாக வேண்டும். கூலியும் நோய்க்கு முந்தைய பழைய கூலிதான். கவனிக்க வேண்டியது, அந்த ஆணை 'ஆணும் பெண்ணும்' என்று இருவரையும் சொல்லியே தொடங்குகிறது. பெண்கள் இல்லாமல் பண்ணை ஓடாது என்பது சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

1351இல் நாடாளுமன்றம் இதையே விரித்துச் சட்டமாக்கி, வேலைவாரியாக உச்சவரம்பு வைத்தது. (12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) களையெடுப்புக்கும் வைக்கோல்புல் உலர்த்தலுக்கும் நாளைக்கு 1 பென்னி. ஆகஸ்ட் முதல் வாரக் கதிரறுப்புக்கு 2 பென்னி, இரண்டாம் வாரத்திலிருந்து 3 பென்னி, சாப்பாடு கிடையாது. புல்வெளியில் பெரிய அரிவாள் வீசுகிறவருக்கு 5 பென்னி. இந்தப் பட்டியலில் ஆண் கூலி, பெண் கூலி என்ற பிரிவே இல்லை. சமக்கூலி என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வேலைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். களையெடுப்பில் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். பெரிய அரிவாள் வீசுகிறவர் எப்போதும் ஆண். 1 பென்னிக்கும் 5 பென்னிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைச் சட்டம் சொல்லாமலேயே சொல்லிவிட்டது.

இரண்டுக்கும் இடையில், ஆணும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நின்று செய்த வேலை கதிரறுப்புதான். லிங்கன்ஷயரில் ஒரு பிரபுக் குடும்பத்துக்காக 1325க்கும் 1340க்கும் இடையில் எழுதப்பட்ட லட்ரெல் வேதப்பாடல் ஏடு என்ற, பைபிள் பாடல்கள் அடங்கிய கையெழுத்துப் புத்தகத்தின் ஓரத்தில் இதற்கு ஒரு சித்திரம் இருக்கிறது. இரண்டு பெண்கள் குனிந்து கருக்கரிவாளால் அறுக்கிறார்கள். மூன்றாவது பெண் நிமிர்ந்து, கையை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து முதுகை வளைக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் ஓர் ஆண் அறுத்துப் போட்டதை அள்ளிக் கட்டுக் கட்டுகிறான். ஏட்டின் ஓரத்தில் வேடிக்கை உருவங்களாக வரைந்து தள்ளிய அதே ஓவியருக்கு, அந்த முதுகுவலி எப்படியோ கண்ணில் பட்டிருக்கிறது. பணக்காரர் வீட்டுச் சித்திரம்தான், அதை அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அறுக்கிறவள் பெண், கட்டுகிறவன் ஆண் என்ற பிரிவு கணக்கேடுகளோடு பொருந்துகிறது.

கூலி எப்படிப் பேசினார்கள் என்பதற்கு 13ஆம் நூற்றாண்டுப் பண்ணை நிர்வாகக் கையேடு ஒன்றில் தெளிவான கணக்கு இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குழு ஒரு நாளில் இரண்டு ஏக்கர் அறுத்துக் கட்டிவிடும். ஆளுக்கு 2 பென்னி என்றால் ஏக்கருக்கு 5 பென்னி கொடு. அறுக்கிற நால்வருக்கு ஒன்றரை பென்னி, கட்டுகிறவனுக்கு மட்டும் 2 பென்னி என்றால் ஏக்கருக்கு 4 பென்னி போதும். பண்ணைக்குக் கவலை ஏக்கரைப் பற்றித்தான். குழுவுக்குள் யார் ஆண், யார் பெண் என்று மணியக்காரர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆள் கிடைக்காத வருடத்தில், ஏக்கர் கணக்கில் பேசி இறங்கிய ஒரு பெண் ஆணுக்குச் சமமாக அறுத்தால் சமமாகவே வாங்கியிருப்பாள். சமக்கூலி இருந்தது என்றால் அது இங்கேதான் இருந்தது.

வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டதும் இந்த இடத்தில்தான். கூலிச் சட்டத்தை மீறியவர்கள் மேல் நடந்த வழக்குகளின் பதிவுகளைத் தோண்டிய சைமன் பென், 1987இல், அறுவடையில் பெண்கள் ஆண்களுக்கு நிகராக வாங்கியதற்கு நிறையச் சாட்சி இருக்கிறது என்றார். சாண்டி பார்ட்ஸ்லி 1999இல் இதை மறுத்தார். யார்க்ஷயரின் கிழக்குப் பகுதியில் 1363-64இல் நடந்த விசாரணைப் பதிவுகளை வைத்து, பெண்கள் சராசரியாக ஆண்கள் வாங்கியதில் 70 சதவீதம் அளவுக்குத்தான் வாங்கினார்கள் என்று காட்டினார். பெண்ணுக்குச் சமமாக வாங்கிய ஆண்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் சிறுவர்கள், கிழவர்கள், உடம்பு முடியாதவர்கள் என்பது அவர் வாதம். நல்ல தெம்பில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தெம்பில்லாத ஆணின் கூலி. ஜான் ஹாட்சர் 2001இல் இதற்குப் பதில் எழுதினார். நாள்கூலியில் தெரிகிற வித்தியாசம் செய்த வேலையின் அளவில் இருந்த வித்தியாசம், ஏக்கர் கணக்கில் பேசிய வேலையில் ஆண் பெண் ஒரே கூலிதான் என்பது அவர் கட்சி.

எனக்கு இதில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி சரி என்று தோன்றுகிறது. ஹாட்சர் சொல்வது போல ஏக்கர் கூலிக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. ஆனால் எந்த வேலையை ஏக்கர் கணக்கில் பேசுவது, எதை நாள் கணக்கில் பேசுவது, எந்தக் கருவி யார் கையில் இருப்பது என்பதையெல்லாம் முடிவு செய்தது யார்? கருக்கரிவாள் மாதிரி பெரிய அரிவாளுக்கும் பெண்ணைப் பழக்கியிருந்தால் 5 பென்னி வேலை அவளுக்கும் கிடைத்திருக்கும். பழக்கவில்லை. பின்னாளில் தானியப் பயிரையும் பெரிய அரிவாளால் வீசி அறுக்கும் வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியபோது, பெண்கள் அறுக்கிற வரிசையிலிருந்து நகர்ந்து, பின்னால் வாரி ஒதுக்கிச் சேர்க்கிற வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த வேலைக்குக் கூலி மட்டு.

அறுவடைக் காலத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. சிந்திய கதிர் பொறுக்குவது ஏழைகளின் உரிமை என்று பைபிளிலேயே இருக்கிறது, அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்த ரூத் என்ற ஏழை விதவையின் கதையும் அதில் உண்டு. ஆனால் பல இங்கிலாந்துக் கிராமங்களின் ஊர்க்கட்டுப்பாட்டில் ஒரு நிபந்தனை வருகிறது: நாளைக்கு 1 பென்னியும் சாப்பாடும் சம்பாதிக்கத் தெம்புள்ள யாரும் கதிர் பொறுக்கப் போகக் கூடாது. கிழவிகளும் குழந்தைகளும் மட்டும் போகலாம். ஏழையின் உரிமையைக் காப்பாற்றுவது போல இருந்தாலும், ஓர் இளம்பெண் 'உன் கூலி வேண்டாம், நான் பொறுக்கியே பிழைத்துக்கொள்கிறேன்' என்று சொல்ல வழியில்லாமல் செய்தது இதுதான். பொறுக்கினால் ஒரு நாளில் கூலியைவிட அதிகம் தேறலாம் என்று அவளுக்கும் தெரியும், ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும்.

சரி, அறுவடை முடிந்தது. அப்புறம்? செப்டம்பர் 29 புனித மைக்கேல் திருநாளோடு பண்ணைக் கணக்கு வருடமும் முடியும். தொடர்ந்து குளிர்காலம். வயலில் பெண்ணுக்கு நாள்கூலி வேலை அநேகமாக இல்லை. கூரை வேய்பவருக்குத் தாள் உருவிக் கொடுப்பது, தண்ணீர் சுமப்பது, தானியம் தூற்றுவது என்று அங்கங்கே சில நாள். வசந்தம் வந்தால் பயறு ஊன்ற, கட்டி உடைக்க, எரு பரப்ப. கோடைத் தொடக்கத்தில் ஆடு கழுவ, மயிர் கத்தரிக்க, பிறகு களையெடுக்க. மேலும் ஞாயிறும் திருநாட்களும் போக, வருடத்தில் கூலி கிடைக்கிற நாட்கள் விட்டுவிட்டுத்தான் வரும்.

இந்த இடைவெளியை நிரப்பியதுதான் வருடச் சம்பளத்துக்குப் பண்ணையில் தங்கி வேலை செய்யும் முறை. சாப்பாடு, படுக்க இடம், கொஞ்சம் ரொக்கம். இதில் பெண்ணுக்கென்று பெயர் பெற்ற வேலை பால்காரி வேலை. பால் கறப்பது, வெண்ணெய் எடுப்பது, பாலாடைக்கட்டி செய்து உப்பிட்டுக் காப்பது. வேலை அதோடு நிற்கவில்லை. கையேடுகள் சொல்கிறபடி கோழி, வாத்துகளைப் பார்த்துக்கொண்டு குஞ்சுக்கும் முட்டைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும், நேரம் கிடைத்தால் தானியம் தூற்ற வேண்டும், இரவில் அடுப்புத் தணலை மூடி, தீப்பிடிக்காமல் பார்க்க வேண்டும். மாடே இல்லாத பண்ணையானாலும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வது நல்லது, ஆணைவிட ரொம்பக் குறைந்த செலவில் ஆகும் என்று ஒரு கையேடு மறைக்காமல் எழுதியிருக்கிறது. அத்தனை வேலைக்கும் ஒரே ஆள், அதுவும் மலிவான ஆள்.

படி அளப்பதிலும் இதே கதை. பண்ணையாளுக்கு ரொக்கத்தைவிடத் தானியம்தான் முக்கியம். உழவனுக்கு 10 அல்லது 12 வாரத்துக்கு ஒரு முறை அளக்கும் தானியத்தை, பல பண்ணைகளில் பால்காரிக்கு இன்னும் சில வாரம் தள்ளித்தான் அளந்தார்கள். தானியமும் மட்டமான ரகமாக இருக்கும்.

சட்டத்தின் கண்ணில் இந்த வேலை எப்படித் தெரிந்தது என்று பார்க்க இரண்டு பட்டியல்கள் போதும். 1388இல் கேம்பிரிட்ஜில் கூடிய நாடாளுமன்றம் வருடச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தது. வண்டிக்காரருக்கும் ஆட்டிடையருக்கும் 10 ஷில்லிங், மாட்டிடையருக்கு 6 ஷில்லிங் 8 பென்னி, ஏர்மாடு ஓட்டுபவருக்கு 7 ஷில்லிங். பெண் வேலையாளுக்கு 6, பால்காரிக்கு 6, பன்றி மேய்ப்பவருக்கும் 6. பாலைப் பதமறிந்து கட்டியாக்குகிற கைத்திறனுக்குச் சட்டம் வைத்த விலை பன்றி மேய்ப்பதற்கு வைத்த விலை.

இரண்டாவது 1445ஆம் வருடத்துச் சட்டம். இதில் வருடச் சம்பளமும் அறுவடை நாள்கூலியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒப்பிட வசதி. வருடத்துக்குச் சாதாரண ஆண் பண்ணையாளுக்கு 15 ஷில்லிங், பெண்ணுக்கு 10. துணிக்குத் தனியாக ஆணுக்கு 3 ஷில்லிங் 4 பென்னி, பெண்ணுக்கு 4 ஷில்லிங். அறுவடையில் சாப்பாட்டோடு நாளைக்குக் கதிரறுப்பவருக்கு 3 பென்னி, 'பெண்ணுக்கும் மற்ற வேலையாட்களுக்கும்' இரண்டரை பென்னி. அறுவடை நாளில் ஆறில் ஐந்து பங்கு வாங்குகிற அதே பெண், வருடச் சம்பளத்துக்குப் போனால் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்குகிறாள். இவை உச்சவரம்புகள்தான். கையில் வாங்கியது கூடவோ குறையவோ இருக்கும், மீறினார்கள் என்பதற்குத்தான் வழக்குக் கட்டுகளே சாட்சி. ஆனாலும் எது நியாயமான விகிதம் என்று நிலம் வைத்திருந்தவர்கள் நினைத்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

கணக்குத் தெரிந்த பெண் என்ன செய்வாள்? கோடை முழுக்க நாள்கூலிக்குப் போய்க் கூடுதலாக வாங்கிக்கொண்டு, குளிர்காலத்தில் நூல் நூற்றோ ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சி விற்றோ ஓட்டிவிடலாம் என்று பார்ப்பாள். பலர் அப்படித்தான் செய்தார்கள். அடுத்த ஊரில் அதிகம் கொடுக்கிறார்கள் என்று அறுவடை நேரத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள், வருட வேலைக்கு வரமாட்டேன் என்று மறுத்தவர்கள் என்று வழக்குப் பதிவுகளில் பெண்கள் நிறையவே வருகிறார்கள். சட்டம் அடைக்கப் பார்த்தது அந்த வாசலைத்தான். உழவாட்களையும் பண்ணையாட்களையும் நாள் கணக்கில் வைக்கக் கூடாது, வருடக் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்றது 1351. வேலை தேடுகிறவர்கள் கருவியைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டு சந்தை ஊரின் பொது இடத்தில் நிற்க வேண்டும், மறைவில் பேரம் பேசக் கூடாது என்றும் சொன்னது. 1388 சட்டம், 12 வயது வரை வயல்வேலை செய்தவன் அல்லது செய்தவள் அதன் பிறகும் அந்த வேலையிலேயே இருக்க வேண்டும் என்றது. ஒரு வட்டாரத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக முத்திரைச் சீட்டும் கேட்டது.

இந்தக் கட்டாயம் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. ஒரு துண்டு நிலம் இருந்தால் தப்பிக்கலாம். கல்யாணமானவள் வீட்டைக் காட்டித் தப்பிக்கலாம். நிலமும் இல்லாமல் கல்யாணமும் ஆகாத இளம்பெண்தான் சுலபமாக மாட்டினாள். அவளைத் தன் பண்ணைக்கு இழுத்துக்கொள்ள முடிந்தவர்கள் பெரிய பிரபுக்கள் மட்டும் இல்லை, அதே ஊரில் நாலு ஏக்கர் கூடுதலாக வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரும்தான். வழக்கில் வந்த அபராதத்துக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. 1352 முதல் சில வருடங்கள் அந்தப் பணத்தை ஊர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள அனுமதித்தார்கள். கூலி அதிகம் கேட்டவளைக் காட்டிக்கொடுத்தால் ஊருக்கு வரி குறையும்.

கல்யாணமான பெண்களின் உழைப்பு வேறு விதத்தில் மறைந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஏக்கர் கணக்கில் அறுத்தால் ஏட்டில் அவன் பெயர் மட்டும் ஏறும். மனைவி அதிகம் வாங்கினாள் என்ற வழக்கிலும் கணவன் பதில் சொல்ல வேண்டிய நிலை இருந்தது. சட்டப்படி அவள் கூலி அவனுடையது. அதனால் 'பெண்கள் இத்தனை பேர்' என்று எந்தப் பண்ணைக் கணக்கை எண்ணினாலும் அது குறைந்தபட்சக் கணக்குத்தான். ஆனால் வரி என்று வந்தால் தலைகள் தெளிவாகத் தெரிந்துவிடும். 1377 தலைவரி 14 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் ஒவ்வொருவருக்கும் 4 பென்னி. பிச்சையெடுப்பவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. சட்டக் கூலியில் களையெடுத்தால் நான்கு நாள் உழைப்பு. கூலியில் பார்த்த வித்தியாசம் வரியில் இல்லை.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சாப்பாடு நிச்சயமாக மேம்பட்டது. நார்ஃபோக்கில் செட்ஜ்ஃபோர்டு என்ற ஊரின் பண்ணைக் கணக்கில், அறுவடையாட்களுக்குப் போட்ட சாப்பாட்டின் பட்டியல் 13ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை கிடைக்கிறது. ஆரம்பத்தில் வயிறு நிரப்பியது பெரும்பாலும் பார்லி ரொட்டி. கடைசியில் கோதுமை ரொட்டி, நிறைய இறைச்சி, தாராளமாக ஏல். அந்தப் பந்தியில் பெண்களும் உட்கார்ந்தார்கள். வேலை பிடிக்காவிட்டால் இன்னோர் ஊருக்கு நடந்துவிடலாம் என்ற தைரியமும், சட்டம் என்ன சொன்னாலும், கருப்புச் சாவுக்கு முந்தைய தலைமுறைப் பெண்களுக்கு இல்லாத ஒன்று. 1300 வாக்கில் ஆள் மிகுந்து நிலம் போதாமல் இருந்தபோது, ஒரு பென்னிக்குக்கூட ஆள் கேட்பாரில்லாமல் நின்றிருப்பார்கள்.

ஆனால் கூலி ஏறியபோதே வேலை நாட்களும் சுருங்க ஆரம்பித்தன. கூலி கட்டுப்படியாகாத பிரபுக்கள் சொந்தப் பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டார்கள். 1400ஐ ஒட்டிய பத்துப் பதினைந்து வருடங்களில் இது வேகமாக நடந்தது. பல இடங்களில் உழவு நிலம் ஆட்டுக்குப் புல்வெளியானது. நூறு ஏக்கர் கோதுமைக்குக் களையெடுக்கவும் அறுக்கவும் எத்தனையோ பெண்கள் வேண்டும். அதே நூறு ஏக்கர் புல்லுக்கு ஓர் இடையரும் நாயும் போதும். குத்தகைக்காரர் எழுத்துக் கணக்கு வைக்காததால், அவர் வீட்டில் கறந்த, தூற்றிய பெண்கள் அதன் பிறகு நம் கண்ணுக்கே தெரிவதில்லை.

கடைசியாக, பொற்காலக் கதைக்குச் சமீபத்தில் வந்த புது வடிவம் ஒன்று. கருப்புச் சாவுக்குப் பின் இளம்பெண்கள் நல்ல சம்பளத்துக்கு வேலைக்குப் போனார்கள், அதனால் கல்யாணம் தள்ளிப்போனது, பிள்ளைப்பேறு குறைந்தது, வட மேற்கு ஐரோப்பாவின் பிற்கால வளர்ச்சிக்கு அதுவே விதை என்ற வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொருளாதார வரலாற்றாசிரியர்களான ஜேன் ஹம்ப்ரீஸும் ஜேக்கப் வைஸ்டார்ஃபும் 2015இல், 1260 முதல் 1850 வரையிலான பெண்களின் கூலியை நாள்கூலி தனி, வருடச் சம்பளம் தனி என்று பிரித்துக் கணக்கிட்டார்கள். வருடச் சம்பளத்துக்கு இருந்த பெண்களுக்கு அந்தப் பொற்காலத்தில் பங்கு கிடைக்கவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. பொற்கால வாதம் நம்பியிருப்பதோ அந்தப் பெண்களைத்தான், வேறொருவர் வீட்டில் தங்கி வேலை செய்த கல்யாணமாகாத பெண்களை. நாள்கூலி ஏறியது உண்மை. ஆனால் அதை வருடம் முழுக்க வாங்குகிற சுதந்திரம் அவர்களுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பார்த்துக்கொள்ளல் இடைக்காலத்தோடு முடியவும் இல்லை. கூலிச் சட்டங்களையெல்லாம் திரட்டி 1563இல் முதலாம் எலிசபெத் காலத்தில் வந்த தொழிலாளர் சட்டத்தில் பெண்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 12 வயதுக்கு மேல் 40க்குள் இருக்கும் கல்யாணமாகாத பெண்ணை, வருடத்துக்கோ வாரத்துக்கோ நாளைக்கோ, அதிகாரிகள் நியாயம் என்று நினைக்கிற கூலிக்கு வேலைக்கு அனுப்பலாம். மறுத்தால், ஒத்துக்கொள்ளும் வரை சிறை.